கலிஃபோர்னியாவில் கஞ்சா வணிகம்: உரிமமும் வரியும் மாறிய விதம்

கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பியவர்கள் மருத்துவர் சீட்டு எதுவும் இல்லாமலே, உரிமம் பெற்ற கடையில் கஞ்சா வாங்கலாம், 28.5 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். மருத்துவப் பயன்பாட்டை, வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து ஏற்ற சட்டமான 1996ஆம் ஆண்டின் முன்மொழிவு 215 அனுமதித்தது. 2016 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற முன்மொழிவு 64 பொதுப் பயன்பாட்டுக்கும் வழிவிட்டது. பொதுப் பயன்பாட்டுக்கான விற்பனை 2018 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அன்று நடைமுறையில் இருந்த விதிகளில் பல இன்று இல்லை. யார் உரிமம் தருகிறார்கள், எந்த வரியை யார் கட்டுகிறார்கள், கடைக்குள் என்ன செய்யலாம் ஆகிய மூன்றுமே மாறிவிட்டன. இந்தத் தொழிலில் முதலீடு செய்ய நினைப்பவர்களுக்கும், அங்கே வேலைக்குச் சேர நினைப்பவர்களுக்கும், குறிப்பாக அமெரிக்கக் குடியுரிமை இன்னும் பெறாதவர்களுக்கும் இந்த மாற்றங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மாறாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாநில அரசின் உரிமம் மட்டும் இருந்தால் கடை திறந்துவிட முடியாது. நகராட்சியோ, நகராட்சி எல்லைக்கு வெளியே என்றால் மாவட்ட நிர்வாகமோ முதலில் இசைவு தர வேண்டும். தன் எல்லைக்குள் கஞ்சா வணிகமே கூடாது என்று தடை விதிக்கும் அதிகாரமும் முன்மொழிவு 64இன்படி உள்ளாட்சிக்கு உண்டு. மாநிலத்தின் உள்ளாட்சிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சில்லறைக் கடைகளை இன்றும் அனுமதிப்பதில்லை. மாநிலத் தலைநகரில் நிறைவேறும் சட்டத் திருத்தங்களைப் பற்றியே செய்திகள் பேசினாலும், ஒரு வணிகம் பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தந்த ஊர் மன்றம்தான். உள்ளாட்சியின் இந்த அதிகாரத்தில் மாநிலம் கைவைத்த இடம் ஒன்று உண்டு. மருத்துவப் பயன்பாட்டுக்கான கஞ்சாவை நோயாளியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதை எந்த ஊரும் தடை செய்யக் கூடாது என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

உரிமம் தரும் அமைப்பு தொடக்கத்தில் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. பயிரிடுவோர் வேளாண் துறையிடமும், மிட்டாய், எண்ணெய் போன்ற பொருள்களைத் தயாரிப்போர் பொதுச் சுகாதாரத் துறையிடமும், விற்போரும் விநியோகிப்போரும் பரிசோதனைக் கூடம் நடத்துவோரும் தனி வாரியம் ஒன்றிடமும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே நிறுவனம் பயிரிட்டுத் தயாரித்து விற்கவும் செய்தால் மூன்று வாசல்களிலும் ஏறி இறங்க வேண்டும் என்பதோடு, மூன்று விதிமுறைத் தொகுப்புகளுக்கும் இணங்கி நடக்கவும் வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் இந்த மூன்றையும் இணைத்துக் கஞ்சா கட்டுப்பாட்டுத் துறை என்ற ஒரே துறை உருவாக்கப்பட்டது. உரிமம், ஆய்வு, தண்டனை ஆகியவை இப்போது அதன் பொறுப்பு. வரி வசூல் மட்டும் மாநில வரி மற்றும் கட்டண நிர்வாகத் துறையிடம் இருக்கிறது. பரிசோதனைக் கூடம் நடத்துபவர் வேறு எந்த வகைக் கஞ்சா உரிமமும் வைத்திருக்கக் கூடாது என்ற பழைய விதி தொடர்கிறது. தன் சரக்குக்குத் தானே நற்சான்று எழுதிக்கொள்ளும் வாய்ப்பை அது அடைக்கிறது.

வரிக்கு வருவோம், குழப்பமும் சண்டையும் மிகுந்த பகுதி இதுதான். 2018இல் மாநிலம் இரண்டு தனி வரிகளை விதித்தது. ஒன்று பயிர் வரி: உலர்ந்த பூவுக்கு அவுன்சு ஒன்றுக்கு 9.25 டாலர். பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்ந்து 2022இல் அது 10.08 டாலராயிற்று. இந்த வரி எடைக்கு விதிக்கப்பட்டதே தவிர விலைக்கு அன்று. ஆகவே மொத்த விற்பனை விலை சரிந்தபோதும் வரி சரியவில்லை. ஒரு பவுண்டுக்கு 161 டாலருக்கு மேல் அரசுக்குப் போக, மீதியில்தான் விவசாயி கூலியும் மின்கட்டணமும் கொடுத்தாக வேண்டும். சிறு விவசாயிகள் நிறைந்த வட மாவட்டங்களில் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. இரண்டாவது வரி 15 விழுக்காடு கலால் வரி. இதை வாடிக்கையாளர் கடையில் கட்டினாலும், கடைக்காரரிடமிருந்து வசூலித்து அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு விநியோகஸ்தர் தலையில் இருந்தது. கடை சரக்கை விற்பதற்கு முன்பே விநியோகஸ்தர் வரியைக் கணக்கிட்டாக வேண்டும் என்பதால், மொத்த விலையோடு அரசு அறிவிக்கும் ஒரு விகிதத்தைக் கூட்டி, அதைச் சராசரிச் சந்தை விலை என்று வைத்துக்கொண்டார்கள். 2020இல் அந்த விகிதம் 80 விழுக்காடு. ஒரு கடை அதைவிடக் குறைந்த இலாபத்தில் விற்றாலும் வரி அந்தக் கற்பனை விலைக்கே போடப்பட்டது.

2022இல் நிறைவேறிய சட்டம் இந்த ஏற்பாட்டைக் கலைத்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பயிர் வரி நீக்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் கலால் வரியைச் சில்லறைக் கடையே வசூலித்துச் செலுத்துகிறது. வரி உண்மையான விற்பனைத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. பயிர் வரி போனதால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் அளவுக்குக் கலால் வரியை 2025 ஜூலை முதல் 19 விழுக்காடு வரை உயர்த்திக்கொள்ள அதே சட்டம் வழி வைத்திருந்தது. 2025 ஜூலை 1 அன்று வரி உண்மையிலேயே 19 விழுக்காடானது. உரிமம் இல்லாத கடைகளுடன் போட்டியிட முடியவில்லை என்று தொழிலில் இருப்பவர்கள் முறையிட்டனர். சட்டமன்றம் மறு திருத்தம் செய்ய, ஆளுநர் கேவின் நியூசம் செப்டம்பரில் கையெழுத்திட, அக்டோபர் 1 முதல் விகிதம் மீண்டும் 15 விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்த விகிதம் 2028 ஜூன் 30 வரை நிலைக்கும் என்று அந்தத் திருத்தம் கூறுகிறது.

நான்கு விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். கடையில் 100 டாலருக்கு ஒரு பொருள் வாங்குவதாக வைத்துக்கொண்டால், 15 விழுக்காடு கலால் வரியோடு 115 டாலர். அந்த 115க்கும் சேர்த்தே விற்பனை வரி போடப்படும் என்பதால், மாநிலத்தின் குறைந்தபட்ச விகிதமான 7.25 விழுக்காட்டில் மொத்தம் 123.34 டாலர் ஆகும். 19 விழுக்காடாக இருந்தபோது இதே பொருளுக்கு 127.63 டாலர். இதற்கு மேல் பல நகரங்கள் தங்கள் பங்குக்கு ஒரு கஞ்சா வணிக வரியையும் விதிக்கின்றன. மாநில மருத்துவ அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு விற்பனை வரி கிடையாது, கலால் வரி உண்டு. வரிக் குறைப்பை எதிர்த்தவர்களின் நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நிர்வாகச் செலவும் சில குறிப்பிட்ட ஒதுக்கீடுகளும் போக எஞ்சும் கலால் வருவாயில் 60 விழுக்காடு சிறுவர், இளைஞர் நலத் திட்டங்களுக்கும், 20 விழுக்காடு சுற்றுச்சூழல் சீரமைப்புக்கும் போக வேண்டும் என்று முன்மொழிவு 64 வகுத்திருக்கிறது. வரி குறைந்தால் முதலில் குறைவது அந்தத் தொகைதான். என் கணிப்பில், அடிக்கடி மாறும் விகிதம் உயர்ந்த விகிதத்தைவிடச் சிறு கடைகளுக்குக் கடினமானது. மூன்றே மாதத்தில் இருமுறை விலைப்பட்டியலைத் திருத்த வேண்டிய நிலை எந்தக் கடைக்கும் உகந்ததல்ல.

தற்காலிக உரிமங்களின் முடிவு இன்னொரு பெரிய மாற்றம். முழு ஆண்டு உரிமம் பெற மாநிலச் சுற்றுச்சூழல் சட்டப்படியான ஆய்வு முடிந்திருக்க வேண்டும். அதற்குக் காலம் பிடித்ததால், ஆய்வு நடக்கும்போதே வணிகம் நடத்தத் தற்காலிக உரிமம் கொடுத்து வந்தார்கள். 2025 ஜனவரி 1க்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றைப் புதுப்பிப்பது நின்றது. 2026 ஜனவரி 1இலிருந்து, உள்ளாட்சிகளின் சமவாய்ப்புத் திட்டங்களில் வரும் சில்லறைக் கடைகளுக்கான விதிவிலக்கு தவிர, தற்காலிக உரிமங்கள் செல்லாது. எனவே ஏற்கெனவே நடக்கும் ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்குகிறவர், அதன் உரிமம் ஆண்டு உரிமம்தானா என்பதைக் கட்டுப்பாட்டுத் துறையின் இணையதளத்தில் உள்ள உரிமத் தேடல் பக்கத்தில் பார்த்துவிடுவது நல்லது.

கடையிலேயே அமர்ந்து கஞ்சா பயன்படுத்தும் இடங்களை ஊர் மன்றம் விரும்பினால் அனுமதிக்கலாம். அங்கே சமைத்த உணவும், மது கலவாத பானங்களும் விற்கலாம், இசை நிகழ்ச்சி நடத்தலாம் என்ற விரிவு 2025 ஜனவரி 1 முதல் வந்தது. மதுவும் புகையிலையும் கூடாது. இதே போன்ற மசோதாவை, பணியிடத்தில் புகை கூடாது என்ற பாதுகாப்பு நலியும் என்று காரணம் காட்டி 2023இல் ஆளுநர் திருப்பி அனுப்பியிருந்தார்.

மாநிலம் எத்தனை முறை சட்டத்தைத் திருத்தினாலும் எட்டாத எல்லை ஒன்று உண்டு: அமெரிக்க ஒன்றிய அரசின் சட்டம் இந்த வணிகத்தை அனுமதிப்பதில்லை. பெரும்பாலான வங்கிகள் விலகி நிற்பதால் பல கடைகள் ரொக்கத்திலேயே இயங்குவது ஒரு விளைவு. அங்கே வாழும் தமிழர்களில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் விசாவில் இருப்பவர்களுக்கும் இதைவிடக் கனமான விளைவு இருக்கிறது. மாநிலச் சட்டப்படி முறையாக நடக்கும் கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்த்ததுகூட, குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை இல்லை என்று முடிவு செய்யக் காரணமாகலாம் என ஒன்றியக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே உரிமம் உள்ள இடம்தானே என்று நம்பி இத்துறையில் வேலைக்குச் சேர்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய பொருளை மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்வதும் ஒன்றியச் சட்டப்படி குற்றம். ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதாக நேரிடும். அங்கே வாங்கிய ரசீது இங்கே எந்த விலக்கும் தராது.