ஹெட்செட் காட்டாத படகு

நவி மும்பையில் கப்பல் சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கிறேன். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பரீட்சைக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "கேப்டன் சார், இனிமேல் வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே கப்பல் ஓட்டலாமாமே?"

கரையிலிருந்து ஓட்டுவது புதிதல்ல. 2017-லேயே கோபன்ஹேகன் துறைமுகத்தில் 'ஸ்விட்சர் ஹெர்மோட்' என்ற 28 மீட்டர் டக்கை (பெரிய கப்பல்களை இழுக்கும் படகை) அப்படி இயக்கிக் காட்டினார்கள். அங்கே சுற்றிலும் திரைகள் இருந்தன. கண்ணை மூடி உள்ளேயே காட்சியைக் காட்டும் ஹெட்செட் வரும்போதுதான் எனக்குக் கவலை கூடுகிறது.

ஹெட்செட்டுக்குள் தெரியும் கடலில் பாதி கேமரா பிடித்தது, மீதி கணினி வரைந்தது. வரைவதற்கு ரேடாரும், கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும்தான் ஆதாரம். ஓடுகிற பெரிய கப்பல் சில விநாடிக்கு ஒருமுறை ஏஐஎஸ்ஸில் தன் இடத்தைச் சொல்லிவிடும். மழைக்காலத் தடை முடிந்து ஆகஸ்ட்டில் மும்பைக் கடலில் இறங்கும் சின்ன மரப்படகுகள் பலவற்றில் அந்தக் கருவியே கிடையாது. மரம் ரேடாரிலும் மங்கலாகத்தான் விழும். அலை கிளப்பும் புள்ளிகளைக் குறைக்க கிளட்டர் குமிழைத் திருகினால், அவற்றோடு படகும் அழிந்துவிடும். ரேடார் திரையில் இது நடந்தால் 'அதிகம் திருகிவிட்டோமோ' என்று சந்தேகமாவது வரும். ஹெட்செட்டில் சுத்தமான நீலக் கடல் தெரியும். உடம்பே அதை நம்பிவிடும்.

எது கேமரா, எது வரைந்தது என்று நிறத்திலேயே பிரித்துக் காட்ட வேண்டும். படம் எத்தனை விநாடி பழையது என்பதும் கண்ணெதிரே ஓட வேண்டும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியே கட்டளை போய்ப் படம் திரும்பவே அரை விநாடி ஆகும். பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் அதற்குள் கப்பல் இரண்டரை மீட்டர் போயிருக்கும். ஒரே அளவு தாமதமென்றால் கை பழகிவிடும். அது கூடிக் குறைந்தால்தான் ஆபத்து: திருப்பியது போதவில்லை என்று நினைத்து சுக்கானை இன்னும் திருப்புவோம்.

கண்ணால் மட்டுமல்ல, காதாலும் காவல் பார்க்கச் சொல்கிறது 1972 மோதல் தடுப்பு ஒப்பந்தத்தின் 5-ஆம் விதி. ஆகவே கப்பலில் மைக்கும் வேண்டும். அப்புறம், கப்பல் அசைவதாகக் கண் சொல்ல, உடம்பு நாற்காலியில் சும்மா இருந்தால் தலைசுற்றும். நல்ல மாலுமிக்கும் வரும். வெட்கப்படாமல் உடனே பொறுப்பை அடுத்தவரிடம் கொடுங்கள்.

இந்த வேலையில் சேருமுன் கம்பெனியிடம் கேளுங்கள்: இணைப்பு அறுந்தால் கப்பல் தானாக என்ன செய்யும், எத்தனை விநாடியில் செய்யும்? எழுத்தில் பதில் வாங்குங்கள்.