போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

சென்னையில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் நான் வாடிக்கையாளர்களிடமிருந்து அடிக்கடி கேட்பது, "போர்டு போயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க சார், நீங்க ஒரு தடவை பாருங்க" என்பதுதான். மெஷினை இயக்கும் மின்னணுச் சுற்றுப்பலகையான போர்டு பழுதாவது உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்குவதாலும், மழைக்காலத்தில் உள்ளே புகும் பல்லியாலும் எறும்பாலும் எரிந்த போர்டுகளை நானே மாற்றியிருக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டு என்னிடம் வந்த மெஷின்கள் பலவற்றில் கோளாறு இருந்த இடம் வேறு.

வேளச்சேரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில், முன்பக்கக் கதவு கொண்ட மெஷினின் திரையில் 'ஓ.ஈ.' என்ற எழுத்துகள் வந்து நின்றுகொண்டிருந்தன. எல்.ஜி. மெஷின்களில் இதற்கு நீர் வெளியேறவில்லை என்று பொருள், 'ஐ.ஈ.' என்றால் நீர் உள்ளே வரவில்லை, 'யூ.ஈ.' என்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து டிரம் சமநிலை இழந்திருக்கிறது. முதல் நாள் வந்து பார்த்தவர், மெஷினைத் திறக்காமலேயே போர்டு மாற்ற வேண்டும் என்று கூறி முன்பணமும் கேட்டிருந்தார். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ் மூலையில் இருக்கும் சிறிய மூடியைத் திறந்தேன். அதற்குள் இருந்த மெல்லிய குழாயின் வழியாகத் தேங்கிய நீரை ஒரு தட்டில் வடித்தபின் ஃபில்டரை மெதுவாகத் திருகி எடுத்தபோது, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றும், துருப்பிடித்த ஊக்கு ஒன்றும், களிபோல் திரண்ட நூல் பிசிறும் வெளியே வந்தன. பம்பின் விசிறி அந்த ஊக்கில் சிக்கிச் சுழல முடியாமல் நின்றிருந்தது. "இதுக்காகவா தம்பி பத்து நாளா கையால துவைச்சேன்?" என்று அந்த அம்மா கேட்டார்.

இந்த ஃபில்டரை மாதம் ஒரு முறை நீங்களே எடுத்துக் கழுவலாம். வெந்நீரில் துவைத்திருந்தால் நீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

நீர் உள்ளே வராத கோளாறு நம் ஊரில் இன்னும் அதிகம். போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் வரும் மணல், மெஷினின் பின்புறம் குழாய் இணையும் வாயில் இருக்கும் சிறிய வலையில் அடைத்துக்கொள்கிறது. குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வலையைக் குறடால் பதமாக இழுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வலையும் சுத்தமாக இருந்து, உங்கள் வீடு மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசித் தளத்தில் இருந்தால், மெஷினைக் குறை சொல்வதற்கில்லை. தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வேறுபாடு குறைவாக இருப்பதால் நீரை உள்ளே விடும் வால்வுக்குத் தேவையான அழுத்தம் கிடைப்பதில்லை. அங்கே தேவைப்படுவது ஒரு சிறிய பிரஷர் பம்ப். உப்புத் தண்ணீர் செய்யும் இன்னொரு கேடு ஹீட்டரில் தெரியும். கால்சியமும் மெக்னீசியமும் அதன்மேல் வெண்மையாகப் படிந்து கெட்டியாகி, வெப்பம் நீருக்குப் போகாமல் தடுப்பதால், ஹீட்டர் தன் சூட்டிலேயே எரிந்துபோகிறது.

மெஷினைத் தொட்டால் 'சுர்'ரென்று ஷாக் அடிக்கிறது என்று அழைப்பவர்களிடம், உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்கிறேன். மெஷினுக்குள் எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும், அதிலுள்ள மின்வடிகட்டி வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம், எர்த் இணைப்பு இல்லாத வீட்டில் உலோக உடலிலேயே தங்கிவிடும். மூன்று துளை உள்ள பிளக் பாயின்ட் இருப்பதாலேயே எர்த் இருப்பதாகப் பொருள் அல்ல. பழைய குடியிருப்புகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி, ஆளை அழைக்கும் விதம். இணையத் தேடலில் முதலில் தென்படும் 'கஸ்டமர் கேர்' எண் நிறுவனத்தின் எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மெஷினோடு வந்த கையேட்டிலோ வாரண்டி அட்டையிலோ அச்சிட்ட எண்ணை மட்டும் அழையுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் இணையத்தில் கிடைத்த எண்ணை அழைத்தபோது, பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் கட்ட ஒரு செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது அவருடைய கைப்பேசித் திரையை எதிர்முனைக்குக் காட்டும் செயலி; கணக்கில் இருந்த பணம் நிமிடங்களில் போய்விட்டது. பழுது பார்க்க வருபவருக்கு உங்கள் வங்கி ஓ.டி.பி.யால் எந்த வேலையும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்குவதற்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு.

வந்தவர் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வெளியே எடுக்காமல் போர்டையோ மோட்டாரையோ குறை சொல்பவரிடம் நான் என் மெஷினைக் கொடுக்க மாட்டேன். வாரண்டியையும் சரியாகப் படித்துப் பாருங்கள்: மோட்டாருக்குப் பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே, போர்டோ, வந்து போகும் கட்டணமோ அதில் சேராது.

உதிரிப்பாகத்தின் விலை, கூலி, ஜி.எஸ்.டி. ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்ட ரசீதும், கழற்றிய பழைய பாகமும் உங்கள் கைக்கு வர வேண்டும். பழைய பாகத்தைத் தர மறுப்பவர் உண்மையில் எதையாவது மாற்றினாரா என்று நீங்கள் ஐயப்படுவதில் தவறில்லை. பேச்சில் தீராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். அங்கும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

செலவு செய்யவே கூடாத மெஷின்களும் உண்டு. பிழியும்போது விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் வந்து, டிரம்மைக் கையால் தூக்கினால் மேலும் கீழும் ஆடினால், டிரம்மைத் தாங்கிச் சுழலவைக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது. டிரம்மைச் சுற்றியுள்ள தொட்டி, பிரிக்க முடியாதபடி ஒட்டி மூடிய வகையாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்ற இயலாது, தொட்டி முழுவதையும் மாற்ற நேரிடும். எட்டு, பத்து ஆண்டு ஓடிய மெஷினுக்குப் புதியதன் விலையில் பாதிக்கு மேல் கேட்டால், வேண்டாம் என்றே நான் சொல்வேன். அதனால் எனக்கு ஒரு வேலை போகும், போகட்டும்.

வேலை முடிந்ததும் டிரம்மில் துணி போடாமல் குறுகிய சுற்று ஒன்றை ஓட்டச் சொல்லி, நீர் வருவது, வெளியேறுவது, வேகமாகப் பிழிவது ஆகிய மூன்றையும் பழுது பார்த்தவரை அருகில் வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, அதன் பிறகு பணம் கொடுங்கள்.