நடுவர் கடமை விடுமுறை: யாருக்கு விடுமுறை?

இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. பெங்களூர் அல்சூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து அடுத்தவர் மொழிபெயர்ப்பைத் திருத்துவது என் பிழைப்பு. அமெரிக்கத் தலைமையகம் எழுதும் பணியாளர் கையேடு, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தமிழாகி, பெங்களூர் வழியாக என் மேஜைக்கு வரும். மூன்று கம்பெனி, மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். தலைப்பு மட்டும் எழுத்து பிசகாமல் ஒன்றே: ‘பணம் செலுத்தப்பட்ட நடுவர் கடமை மற்றும் சாட்சி விடுமுறை’.

படித்தால் என்ன புரிகிறது? யாரோ ஒரு நடுவர் தன் கடமைக்கு விடுமுறை விட்டுவிட்டார், அதற்கு யாரோ பணமும் கட்டியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் இருப்பது ஜூரி டூட்டி லீவு. வழக்கைக் கேட்டு நடந்தது என்ன என்று முடிவு சொல்லக் கோர்ட் கூப்பிட்டு உட்காரவைக்கும் சாதாரணக் குடிமக்கள்தான் ஜூரி. அமெரிக்காவில் ஜூரியாக உட்காரச் சொல்லி கோர்ட் கூப்பிட்டால் குடிமகன் போயே ஆகவேண்டும். கூட்டரசு நீதிமன்றம் அதற்கு நாளுக்கு 50 டாலர் தருகிறது. அந்த நாட்களுக்குத் தனியார் முதலாளி சம்பளம் தரவேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாள் சம்பளம் முதலாளி தலையில். சட்டம் இல்லாத இடங்களில் பல கம்பெனிகள் தாங்களாகவே எழுதிக்கொள்கின்றன: ஜூரியாகவோ சாட்சி சொல்லவோ போய்விட்டு வா, சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று.

ஜூரி என்ற சொல்லுக்கு லத்தீனில் வேர், சத்தியம் செய்வது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஜூரர் என்றால் சத்தியம் செய்துகொண்டவர், அவ்வளவுதான். லீவு என்பதன் பழைய பொருள் அனுமதி. இங்கே பெங்களூர்த் தமிழர் வாயில் சாதாரணமாக வரும் ‘ரஜா’வும் அரபியில் சம்மதம் என்ற பொருளிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்ததுதான். நம் விடுப்பும் ‘விடு’விலிருந்து வருவது. மூன்று மொழியிலும் மேலே இருப்பவர் மனசு வைத்து விடவேண்டியிருக்கிறது. (யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு விடுப்பு என்றால் ஊர்வம்பு. அது வேறு கதை.)

விடுமுறை அப்படி இல்லை. அது கேட்காமலே எல்லாருக்கும் வருவது: பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை. ஆறாம் வகுப்புப் பையன்கூட ‘விடுப்பு விண்ணப்பம்’ என்றுதான் எழுதுகிறான். ‘பணம் செலுத்தப்பட்ட’ பற்றிப் பேசவே வேண்டாம். மின்சார பில்தான் செலுத்தப்படும். லீவு, சம்பளத்தோடு கிடைக்கும்.

சரி, நடுவருக்கு வருவோம். தமிழ்நாட்டில் எந்தக் கோர்ட் வாசலுக்கும் போய்ப் பலகையைப் பாருங்கள்: ‘நீதித்துறை நடுவர் நீதிமன்றம்’. நடுவர் அங்கே மாஜிஸ்திரேட். அரசுச் சம்பளம் வாங்கி, மேடையில் உட்கார்ந்து, தண்டனை விதிப்பவர். ஜூரியோ, நேற்றுவரை பேக்கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்து, நாளை மறுபடி அதற்கே போகப்போகிறவர். இருவரும் ஒரே அறையில் உட்காரக்கூடியவர்கள் என்பதால்தான் இருவருக்கும் ஒரே பெயர் கூடவே கூடாது. பட்டிமன்றத்துக்கு நடுவர் இருக்கட்டும், கபடிக்கு இருக்கட்டும். திரைப்பட விருதுக்கு நடுவர் குழு என்பதும் பொருத்தம்தான். படத்தைப் பார்த்து இது உசத்தி என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த விருதுச் செய்தியிலிருந்துதான் யாரோ சொல்லை எடுத்துக் கோர்ட்டுக்குள் நட்டிருக்கவேண்டும் என்பது என் சந்தேகம்.

இதை ஒரு தமிழன்பரிடம் புலம்பினேன். அவர் உடனே, “அறங்கூறாயம்னு போடுங்க ஐயா, சங்கச் சொல் இருக்கையிலே ஜூரி எதுக்கு?” என்றார். மதுரைக்காஞ்சியில் அறங்கூறு அவையம் வருவது உண்மை. ஆனால் அந்த அவையத்தார் நீதிபதிகள்; அறம் எது என்று சொன்னவர்கள். ஜூரி அறம் கூறுவதில்லை. கத்தி யார் கையில் இருந்தது, குத்தியது இவன்தானா என்று நடந்ததை முடிவு செய்து, குற்றவாளி அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறது. சட்டத்தைச் சொல்வது நீதிபதி. பழைய அகராதிகளின் முறைகாண் ஆயத்துக்கும் இதே கோளாறு. சொல் அழகாக இருக்கிறது, ஆள் மாறிவிட்டார். தனித்தமிழுக்கு நான் விரோதி இல்லை. சாட்சி வேண்டாம் என்றால் சான்று இருக்கிறது, குறளில் ‘இந்திரனே சாலுங் கரி’ என்று வரும் கரி இருக்கிறது, சிலம்பில் பொய்க்கரியாளரே இருக்கிறார்கள். அதற்காக ‘கரி விடுப்பு’ என்று கையேட்டில் போட்டால் தொழிலாளி அடுப்பைத்தான் நினைப்பான்.

லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1945-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னால்தான் நின்றார்கள். டீக்கடைத் தமிழனுக்கும் அன்றைக்கு ஜூரி தெரியும். பம்பாயில் கொலை வழக்கில் சிக்கிய கடற்படை அதிகாரி நானாவதியை 8-க்கு 1 என்று ஜூரி விடுவிக்கச் சொன்னதும், உயர்நீதிமன்றம் அதை ஏற்காததும் பின்னால் நடந்தவை. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பார்சிகளின் மணவிலக்கு வழக்குகளில் மட்டும் அதன் சாயல் மிச்சம் இருக்கிறது. ஆள் போய்விட்டார் என்பதற்காகப் பெயரை மாற்றுவானேன்? ஜூரி ஜூரியாகவே இருக்கட்டும்.

கடமை என்பதை மட்டும் அரை மனதோடு மன்னிப்பேன். சோழர் கல்வெட்டில் கடமை என்றால் வரி. ஜூரி வேலையும் அரசு நம் நேரத்தின்மேல் போடும் வரிதானே. அதே கல்வெட்டுகளில் கூலியில்லாத வேலைக்கு வெட்டி என்று பெயர். சம்பளம் பிடித்துக்கொள்ளும் கம்பெனியில் ஜூரிக்குப் போவது அந்தப் பழைய பொருளில் வெட்டி வேலை. ஆனால் கையேடு படிப்பவருக்குக் கல்வெட்டு நினைவுக்கு வராது, ‘பணி’ போதும்.

இதில் நம் ஊர்த் தொழிலாளிக்கு உதவுவது சாட்சிப் பாதி மட்டுமே, அதைத்தான் ‘மற்றும்’ போட்டு வாலில் ஒட்டுகிறார்கள். சம்மன் வந்தும் போகாவிட்டால் வாரண்ட் வரும். அரசு ஊழியர் அலுவல் முறையில் சாட்சி சொல்லப் போனால் அது பணிநாள், அலுவலகங்களில் ‘ஓ.டி.’ (ஆன் டூட்டி) என்பார்கள். தனியாரில் கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு. இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் இருந்தேன். பைக் விபத்து ஒன்றைப் பார்த்த பாவத்துக்கு சம்மன் வந்தது. கோர்ட்டில் காலை பத்தரையிலிருந்து மரபெஞ்சில் உட்கார்ந்திருந்து, நாலு மணிக்கு ‘அடுத்த வாய்தா’ என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன். இப்படி மூன்று நாள். லீவு போடப் போனால் கம்ப்யூட்டரில் சாட்சி என்று ஒரு வகையே இல்லை. ஜூரி டூட்டி இருந்தது. அதையே அழுத்தினேன், மேனேஜரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனிக் கணக்குப்படி, ஜூரியே இல்லாத நாட்டில் நான் மூன்று நாள் ஜூரியாக இருந்திருக்கிறேன்.

அமெரிக்கக் கூட்டரசு தன் ஊழியர்களுக்குத் தரும் இந்த லீவைக் கோர்ட் லீவு என்றே சொல்கிறது. அப்படியே ‘நீதிமன்ற விடுப்பு’ என்று போட ஆசைதான். ஆனால் நம் ஆள் அதை மே மாதம் கோர்ட்டுக்கு விடும் லீவோடு குழப்பிக்கொள்வான். அதனால் நான் திருத்திக் கொடுத்தது: ‘ஜூரிப் பணி, சாட்சியம்: சம்பளத்துடன் விடுப்பு’. அதன் கீழே ஒரு வரி: இந்தியாவில் ஜூரி முறை இல்லை, சாட்சி சம்மன் வந்தவர்கள் நகலைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார். “சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா கிளையன்ட் தந்த சொற்பட்டியல்ல, குளோசரியில, ‘நடுவர்’னு லாக் பண்ணியிருக்கு. மாத்தினா சாஃப்ட்வேர் சிவப்பா காட்டுது.”

அந்த குளோசரியைத் தயாரித்தது யார் என்று கேட்டேன். தெரியாதாம்.