சாவி மேல் பழி போடுமுன்

"அண்ணே, சாவி செத்துப்போச்சு போல. புதுசு வாங்கிடவா?"

மழைக்காலத்தில் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் என் கார் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படி அடிக்கடி போன் வரும். சாவி பையில் இருக்க, கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறக்கும் கார்களின் கதை இது. பொறுங்கள் என்றுதான் சொல்வேன். கடந்த டிசம்பரில் ஈசூனிலிருந்து வந்த தம்பி, வேறோர் இடத்தில் புதுச் சாவியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றிவிட்டு வந்திருந்தார். பல நூறு வெள்ளி செலவு. கோளாறு அப்படியே இருந்தது. ஓட்டுநர் பக்கக் கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்காது. எதிர்ப்பக்கம் தொட்டால் திறக்கும். சாவி பட்டனை அழுத்தினால் நான்கு கதவும் திறக்கும்.

பழுது எங்கே என்பதை வண்டியே சொல்லிவிட்டது. கைப்பிடியைத் தொட்டதும், கார் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய அலையை அனுப்பிச் சாவியை எழுப்பும். அது ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் தரும். பட்டனை அழுத்தும்போது, சாவியிலிருந்து காருக்குப் போகும் இந்த இரண்டாவது அலை மட்டுமே வேலை செய்கிறது. பட்டன் வேலை செய்து, ஒரு கைப்பிடி மட்டும் அடம்பிடித்தால், அந்தக் கதவின் தொடு உணரியையும் ஆன்டெனாவையும் ஒயரையும்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கதவுக்கும் தூணுக்கும் நடுவே மடிந்து நிற்கும் ரப்பர் குழாயைப் பார்த்திருப்பீர்கள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒயர்கள் வளைகின்றன. மேலுறை நன்றாகவே இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவு அசையாமல் இருக்கையில் ஓரிரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே மல்டிமீட்டர் தொடர்பு இருப்பதாகக் காட்டிவிடும். அதனால் கதவை மெல்ல ஆட்டிக்கொண்டே அளக்க வேண்டும். தம்பியின் வண்டியில் அப்படித்தான் சிக்கியது: ஒரு ஒயர் அறுந்து, பக்கத்து ஒயர் பச்சை பூத்திருந்தது. நம் ஊர் ஈரத்துக்குச் செம்பு வெகு சீக்கிரம் பச்சை பூக்கும்.

எல்லாக் கதவுகளும் மக்கர் செய்தால் மின்கலங்களைப் பாருங்கள். சாவியில் பெரும்பாலும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி. சில வெள்ளியில் முடிந்துவிடும். காரின் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். டேஷ்கேமை இரவெல்லாம் ஓடவிட்டு, வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். நிறுத்திய வண்டி பேட்டரியிலிருந்து உறிஞ்சும் மின்கசிவை அளப்பவர் சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, வண்டியின் கருவிகள் அடங்கித் தூங்கும்வரை அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதன்பின் கசிவு பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்தால் நல்ல வண்டியும் நோயாளியாகத் தெரியும்.

புளோக் கார்பார்க்கில் ஒரே இடத்தில் மட்டும் தகராறு என்றால், வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பாருங்கள். பக்கத்துக் கருவி ஏதாவது அலையைக் குழப்பலாம். மலிவான யூஎஸ்பி சார்ஜரையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால், சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறக்கலாம். பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்தால் இஞ்சின் கிளம்பும்.

ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது எந்தக் கதவு, எந்த நேரம், மழைக்குப் பிறகா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே எதையாவது மாற்றியிருந்தால், பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். தம்பியின் பழைய சாவியை வாங்கிவரச் சொல்லிச் சோதித்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.