இணைப் பிரபஞ்சமா, பல்லண்டமா?

நம் பிரபஞ்சம்போலப் பல உண்டு என்று வைத்து, அந்த முழுத் தொகுப்பையும் ஆங்கிலத்தில் ‘மல்டிவர்ஸ்’ என்பார்கள். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் ‘இணைப் பிரபஞ்சம்’ என்று எழுதுவதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். அண்மையில் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விவாதப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, ‘இணைப் பிரபஞ்சம் உண்டென விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’. ஒரே தலைப்பில் இரண்டு பிழை. பிள்ளைகள் பாவம், கொடுத்த தலைப்பைத்தானே பேச முடியும்?

முதலில் மூலச் சொல். இலத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘வெர்சுஸ்’ என்றால் திரும்பியது. எல்லாம் ஒன்றாகத் திரண்டது யுனிவர்ஸ். அதில் ‘யுனி’யைக் கழற்றிவிட்டு ‘மல்டி’யை மாட்டினால் மல்டிவர்ஸ். 1895இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதைப் பயன்படுத்தினார். அவர் பேசியது வானியல் அல்ல, நன்மை தீமை பாராத இயற்கையைப் பற்றி. பௌதிகவியல் பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மூலக்கதை இவ்வளவுதான்.

இனி ‘இணை’க்கு வருவோம். இந்தியாவில் இணைகோடுகள் என்பதை இலங்கையில் நாம் சமாந்தரக் கோடுகள் என்று படித்தோம். இணைகரம் மட்டும் எப்படியோ நம்மிடம் தங்கிவிட்டது. ஆக, ‘பரலல்’ என்பதற்கு ‘இணை’ என்பது இங்கே வகுப்பறைச் சொல்லே அல்ல. மலையகத்தில் ஒரு பிள்ளையிடம் ‘இணை’ என்று சொன்னால் என்ன தோன்றும்? சோடி தோன்றும். அல்லது சங்கத்துக் கூட்டத்து இணைச்செயலாளர் தோன்றுவார். இணைப் பிரபஞ்சம் என்றால் நம் பிரபஞ்சத்துக்கு உதவியாக நியமித்த இன்னொன்று என்றுதான் காதில் விழுகிறது.

சரி, இந்திய வழக்கையே எடுத்துக்கொள்வோம், இணை என்றால் சமாந்தரம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிழை தீராது. ‘பரலல் யுனிவர்ஸ்’ என்பது ஒரு தனி உலகம். மல்டிவர்ஸ் என்பது நம்முடையதும் சேர்ந்த முழுத் தொகுப்பு. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டம். கீழ்ப்பிரிவைக் காட்டி இதுதான் தோட்டம் என்று தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் இங்கே காணாமல் போகிறது. ஒரு கட்டுரையின் முதல் பத்தியில் மல்டிவர்சும் இணைப் பிரபஞ்சம், மூன்றாம் பத்தியில் பரலல் யுனிவர்சும் இணைப் பிரபஞ்சம். ‘இணைப் பிரபஞ்சத்தில் பல இணைப் பிரபஞ்சங்கள் உள்ளன’ என்று ஒரு வசனம் வாசித்தேன். எழுதியவர் தன் வசனத்தை ஒரு தடவை திருப்பி வாசித்திருக்கலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. இணை என்ற சொல் ஒத்திருப்பதையும் அருகில் இருப்பதையும் சேர்த்தே உறுதி சொல்லிவிடுகிறது: அங்கேயும் ஒரு நான், அங்கேயும் ஒரு நீ, நடுவே ஒரு கதவு. சினிமாவுக்கு அது சரி. விஞ்ஞானிகள் பேசுகிற பல அண்டங்களில் பெரும்பாலானவை நம்முடையதை ஒத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பௌதிகவியலாளர் அலன் கூத் 1981இல் முன்வைத்த வீக்கக் கொள்கையின்படி, தொடக்கத்தில் வெளி கணப்பொழுதில் பயங்கரமாக ஊதிப் பெருத்தது. அந்த ஊதல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்காது, நின்ற இடமெல்லாம் தனித்தனிக் குமிழ் அண்டமாகும் என்று விலென்கின், லிண்டே என்ற பௌதிகவியலாளர்களும் அதே பத்தாண்டில் விரித்துச் சொன்னார்கள். அவற்றில் சிலவற்றில் பௌதிக மாறிலிகளே, அதாவது இயற்கை விதிகளில் வரும் மாறா எண்களே, வேறாக இருக்கலாம். அணுவே உருவாகாத அண்டத்தை எதற்கு இணை என்பது?

சான்று என்ற கேள்வி புகும் இடமும் இதுதான். பிழையான சொல் பிழையான சான்றைத் தேட வைக்கிறது. 2020 மே மாதம் ‘நாசா இணைப் பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்தது’ என்று உலகம் முழுக்கச் செய்தி பறந்தது. அந்தாட்டிக்காவுக்கு மேலே பலூனில் பறக்கவிட்ட அனிட்டா என்ற கருவி, பூமிக்குள்ளிருந்து மேலே வருவதுபோன்ற சில விசித்திர வானொலிச் சைகைகளைப் பதிந்திருந்தது. விளக்கம் கிடைக்காத சைகை, அவ்வளவுதான். ஆய்வுக்குழு வேறு பிரபஞ்சத்தைக் கண்டதாகச் சொல்லவில்லை. அப்புறம் 2024 டிசம்பரில் கூகிளின் வில்லோ என்ற குவாண்டம் கணினிச் சில்லு வந்தது. அதன் வேகம் பல பிரபஞ்சக் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது என்று கூகிளின் குவாண்டம் பிரிவுத் தலைவர் எழுத, மறுநாளே அது ‘நிரூபணம்’ ஆகிவிட்டது. குவாண்டம் அளவீட்டில் வரக்கூடிய எல்லா விடையும் வெவ்வேறு உலகங்களில் நடக்கின்றன என்று 1957இல் ஹியூ எவரெட் சொன்ன பல உலக விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், குவாண்டம் சமன்பாடு அந்தச் சில்லுக்கு ஒரே விடையைத்தான் தரும். பிறகு அது எப்படி ஒரு விளக்கத்துக்கு மட்டும் சான்றாகும்?

உண்மையான தேடல் வேறு மாதிரி நடந்தது. நம் குமிழோடு இன்னொரு குமிழ் எப்போதோ மோதியிருந்தால், ஆதி அண்டத்திலிருந்து மிஞ்சி வானமெங்கும் பரவியிருக்கும் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் வட்ட வடிவத் தடம் விழுந்திருக்க வேண்டும். 2011இல் ஒரு குழு, அந்தக் கதிர்வீச்சை அளந்த டபிள்யூமேப் செய்மதியின் தரவில் அதைத் தேடிப் பார்த்தது. மோதல் நடந்தது என்று சொல்லப் போதுமான அடையாளம் கிடைக்கவில்லை. எரிடானஸ் விண்மீன்குழுவின் திசையில் அந்தக் கதிர்வீச்சு வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் ‘குளிர்ப் பொட்டு’ மோதல் தழும்பாக இருக்குமோ என்றும் கேட்டார்கள். தற்செயலான ஏற்ற இறக்கம் என்றும் அதை விளக்கலாம். பௌதிகவியலாளர் ஸ்டீவன் வைன்பேர்க் 1987இல் வேறு வழியில் போனார். பல அண்டங்களில் அண்டவியல் மாறிலி, அதாவது வெறுவெளிக்கே உள்ள ஆற்றலின் அளவு, பலவாறாக இருந்தால், விண்மீன் கூட்டங்கள் உருவாகக்கூடிய அண்டத்தில்தானே நாம் இருந்து பார்ப்போம், அப்படியானால் நம் மாறிலி மிகச் சிறியதாக, ஆனால் பூச்சியம் அல்லாததாக இருக்கலாம் என்றார். 1998இல் நம் அண்டத்தின் விரிவு வேகமெடுப்பது தெரியவந்தபோது கிடைத்த பெறுமானம் அந்த எல்லைக்குள் இருந்தது. இதைச் சான்று என்று சிலர் சொல்கிறார்கள். அண்டவியலாளர் ஜோர்ஜ் எல்லிஸ் போன்றோர், காணமுடியாததை வைத்துக் கண்டதை விளக்குவது விஞ்ஞானமா என்று கேட்கிறார்கள். எனக்கு எல்லிஸ் பக்கம்தான் சாய்வு. ஆனால் அதற்காக மோதல் தடத்தைத் தேடியவர்களைக் கேலி செய்யமாட்டேன். தடம் கிடைத்திருந்தால் அது சான்றுதான். ‘நிறுவுக’ என்று கேத்திரகணிதத்தில் எழுதும் பொருளில் அப்போதும் நிரூபணம் ஆகாது. விவாதத் தலைப்பின் இரண்டாம் பிழை அதுதான்.

அப்படியானால் என்ன சொல்வது? நான் தூய்மைவாதி இல்லை. ‘பரேட்’டைப் ‘பிரட்டு’ ஆக்கி, ‘லைன்’ஐ ‘லயம்’ ஆக்கிய தோட்டத்துச் சனத்தின் பேரன், மல்டிவர்ஸ் என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். தமிழில்தான் வேண்டுமென்றால் தெளிவாக இருக்கட்டும் என்கிறேன். ‘பல அகிலம்’ சரிவராது. அகிலம் என்றால் மிச்சமில்லாமல் எல்லாமும். அகில வாயு மாறிலி என்று உயர்தர வகுப்பில் படிப்பது அந்தப் பொருளில்தான். எல்லாம் எப்படிப் பலவாகும்? ‘பன்முகப் பிரபஞ்சம்’ என்றால் பல முகமுள்ள ஒரே பிரபஞ்சம், பிரம்மாவைப் போல.

என் வாக்கு ‘பல்லண்டம்’ என்பதற்கு. பல்லினச் சமூகம் என்று தினமும் சொல்கிற நாட்டில் இந்தப் புணர்ச்சி யாருக்கும் புதிதல்ல. பல்லாண்டு என்று காதில் விழுகிறதே என்பார்கள், விழட்டும். இரண்டு நாள் பழகினால் போகும். அண்டம் வடசொல்தான், முட்டை என்பது பொருள். இந்தியப் பாடநூலில் அண்டகம் என்பது நமக்குச் சூலகம் ஆகையால் இங்கே குழப்பமும் குறைவு. தவிர, அண்டம் என்ற சொல் தமிழில் பன்மைக்கு எப்போதோ பழகிவிட்டது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி அண்டங்கள் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று பாடுகிறது. உடனே ‘அன்றே மாணிக்கவாசகர் மல்டிவர்சைக் கண்டார்’ என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் பாடியது இறைவனின் பெருமையை, அண்டங்கள் அங்கே அதற்கு அளவுகோல். அதை நுண்ணலைத் தரவோடு சேர்த்து வைப்பது அவருக்கும் மரியாதை அல்ல, விஞ்ஞானிகளுக்கும் மரியாதை அல்ல.

தொகுப்பில் நம்முடையது அல்லாத ஒன்றைத் தனியாகச் சொல்ல ‘வேற்றண்டம்’ போதும். வேற்றுக்கிரகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அது ஒத்திருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று இந்தச் சொல் வாக்குக் கொடுப்பதில்லை. அச்சாக நம்மைப்போலவே இருக்கும் ஓர் அண்டத்தைப் பற்றி மட்டும் பேசும்போது ‘சமாந்தர அண்டம்’ என்று எழுதலாம். பல்லண்டம் என்பதைப் ‘பல்லண்டங்கள்’ என்று பன்மையாக்க வேண்டியது, வீக்கக் கொள்கையின் பல்லண்டத்தையும் எவரெட்டின் பல்லண்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும்போது மட்டும்தான்.