ஊசிக்கு முன்னால் நர்ஸ் சொல்லும் வார்த்தை

ஒரே ஊசி, ஒரே மருந்து. ஆனால் வலி ஒன்றல்ல. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பிரசவ வலியைக் குறைக்கவோ சிசேரியனுக்காகவோ முதுகில் ஊசி போட வேண்டியிருந்த 140 பெண்களைப் பிரித்துக்கொண்டார்கள். சிலரிடம், "பெரிய தேனீ கொட்டுற மாதிரி இருக்கும், இதுதான் ரொம்பக் கஷ்டமான கட்டம்" என்றார்கள். மற்றவர்களிடம், "மரத்துப்போக மருந்து போடுறோம், அப்புறம் சிரமம் இருக்காது" என்றார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது, தேனீயைக் கேட்டவர்களின் இடைநிலை மதிப்பு 5, மற்றவர்களுக்கு 3. நம் ஊரில் அக்கறையோடு சொல்லும் 'எறும்பு கடி'யையும் இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

காரணம் மூளையில் இருக்கிறது. வலி வரப்போகிறது என்ற பயம் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற வேதிப்பொருள் வேலையைத் தொடங்கி, வலிச் சமிக்ஞையைப் பெரிதாக்குகிறது. இத்தாலியின் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழு, ஆபரேஷன் முடிந்த நோயாளிகளுக்கு வெறும் உப்புநீரை ஏற்றி "வலி கூடும்" என்றது. வலி கூடியது. அந்த வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது கூடவில்லை.

சரி, அப்படியானால் எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாமா? கூடவே கூடாது. 1964இல் பாஸ்டனில், வயிற்று ஆபரேஷனுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் எங்கே வலிக்கும், எத்தனை நாள் இருக்கும், எப்படி மூச்சை இழுத்துத் தசையைத் தளர்த்துவது என்று முன்கூட்டியே விளக்கினார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய பாதி வலி மருந்தே போதுமானதாக இருந்தது. அன்று பேசியவர்கள் மயக்க மருந்து டாக்டர்கள். ஆனால் நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் நர்ஸ்தான். அமெரிக்க நர்ஸ் ஆய்வாளர் ஜீன் ஜான்சன் 1970களில் இன்னொன்றையும் கண்டார்: என்ன செய்யப்போகிறோம் என்பதோடு, உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதையும் சொன்னால்தான் தவிப்பு நன்றாகக் குறைகிறது.

ஆபரேஷனுக்கு முன்பே நர்ஸ் இப்படிச் சொல்லலாம்: "கண் முழிக்கும்போது குளிரும், நடுங்கும். குழாய் போட்டதால தொண்டை கரகரங்கும். யூரின் டியூப் இருக்கும். முட்டுற மாதிரி தோணும், பயப்படாதீங்கம்மா." இதைக் கேட்டவர் நடுக்கத்தை ஆபத்து என்று நினைத்துத் தவிக்கமாட்டார். தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்து இரும வேண்டும் என்பதையும் முந்தின நாள் மாலையே, வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்துகாட்ட வேண்டும். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரைக்கும் போய்விடலாம்.