அத்திக்காய்க்குள் நடக்கும் கணக்குவழக்கு

நெடுநாள் வராத சொந்தக்காரர் வாசலில் வந்து நின்றால், “என்ன, அத்தி பூத்தாப்பல இருக்கு?” என்று கேட்போம். அத்திக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். அது அபூர்வமாகப் பூக்கும் மரமே இல்லை. ஆண்டுக்குச் சில தடவை, அடிமரத்திலும் கிளையிலும் அப்பிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் பூக்கிறது. நம் கண்ணில்தான் படுவதில்லை, ஏனென்றால் நாம் காய் என்று நினைப்பதே பூங்கொத்துதான்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் உட்புறம் முழுக்கப் பூ வேலைப்பாடு, வாயை இழுத்துச் சுருக்கியாகிவிட்டது. அதுதான் அத்திக்காய். நம் ஆற்றங்கரைகளில் நிற்கும் நாட்டு அத்தியின் ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள் உள்நோக்கிப் பார்த்தபடி இருக்கும். காற்றும் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நெருங்க முடியாத இடம். அப்படியானால் மகரந்தம் உள்ளே போவது எப்படி?

பதில் இன்னொரு பழமொழியில் இருக்கிறது. “அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு.” வெளியே பளபளப்பு, உள்ளே அசிங்கம் என்று ஆளைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் “புழு”க்களில் பெரும்பாலானவை புழு அல்ல, குளவி. அது இல்லாவிட்டால் அந்த மரத்தில் ஒரு விதைகூடப் பிடிக்காது.

உலகில் அத்தி, ஆல், அரசு, இச்சி என்று இந்தக் குடும்பத்தில் 750க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குளவி. நாட்டு அத்திக்கு நம் பக்கத்தில் இருப்பது செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ் என்ற குளவி. பெயர்தான் இவ்வளவு நீளம், ஆள் எள்ளளவுகூட இல்லை. இந்தக் கூட்டு சுமார் 7.5 கோடி ஆண்டுகளாக நடக்கிறது என்று மரபணுக் கணக்குகள் சொல்கின்றன.

பெண் குளவி வெளியே வந்தபின் அதற்கு மிஞ்சிப்போனால் ஓரிரு நாள் ஆயுள். அதற்குள் முட்டையிடச் சரியான பருவத்தில் இருக்கும் ஓர் அத்திக்காயைத் தேட வேண்டும். பிறந்த மரத்திலேயே தேடலாம் என்றால் அதுவும் நடக்காது. ஒரு மரத்தின் காய்கள் அநேகமாக எல்லாம் ஒரே வயது. அவள் வெளியே வரும் நாளில் அங்கே இளங்காயே இருக்காது. ஆனால் பக்கத்து மரம் வேறு நாளில் காய்க்கும், அடுத்த ஊர் மரம் இன்னொரு நாளில். ஊரில் எப்போதும் ஏதோ ஒரு மரம் தயாராக இருந்தால்தான் குளவி இனம் பிழைக்கும்.

நமீபியாவில் ஒரு பாலைவன ஆற்றின் ஓரம் ஆங்காங்கே நிற்கும் காட்டு அத்திகளை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். நம் அத்திக்கு நெருங்கிய உறவுமரம் அது. விதைகளின் மரபணுவைச் சோதித்து, தகப்பன் மரம் எது என்று தேடினார்கள். 2009இல் வந்த முடிவு: மகரந்தம் சராசரியாக 88 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்திருக்கிறது. சில, 160 கிலோமீட்டரையும் தாண்டியவை. இரண்டு மில்லிமீட்டர் பூச்சி, இரண்டு நாள் ஆயுள், சென்னையிலிருந்து புதுச்சேரிக்கும் அப்பால் போகிற தூரம்! சிறகடித்துப் போகிற தூரமில்லை இது. மரத்துக்கு மேலே எழுந்து காற்றில் மிதந்து போகிறது, தனக்கான வாசனை மூக்கில் பட்டதும் கீழே இறங்குகிறது. மூக்கு என்று சும்மா சொன்னேன், உணர்கொம்பில்தான் மோப்பம்.

இங்கேதான் மரத்தின் பங்கு தொடங்குகிறது. காய்க்குள் பெண்பூக்கள் தயாரானதும் அது காற்றில் ஒரு வாசனைக் கலவையை விடுகிறது. எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் பலவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்த்த கலவை. ஒவ்வோர் இனத்துக்கும் விகிதம் வேறு. இமயமலை அடிவாரத்திலும் தென்சீனத்திலும் வளரும் ஓர் அத்தி இனம் இதில் படு சிக்கனம்: அதன் மணம் ஏறக்குறைய முழுக்க ஒரே ஒரு வேதிப்பொருள்தான், அந்த ஒன்றுக்கே அதன் குளவி வந்துவிடுகிறது. குளவி உள்ளே போய் வேலை முடிந்ததும் வாசனை அடங்கிவிடும். யாரும் வராவிட்டால் காய் இன்னும் சில நாள் காத்திருக்கும்.

மரம் பேசுகிறது, யோசிக்கிறது, தாய்மரம் பிள்ளைமரத்துக்குச் சோறூட்டுகிறது என்றெல்லாம் எழுதும் மோகம் இப்போது கூடிவிட்டது. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. அத்தியிடம் மூளையும் கிடையாது, நரம்பும் கிடையாது. மணம், வாயு, காம்பின் பிடி, தோலின் இறுக்கம், இந்த நான்கையும் பருவத்துக்கேற்ப மாற்றியே ஒரு பூச்சிக் கூட்டத்தை நடத்துகிறது என்பது அந்தக் கதைகளைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது.

சரி, குளவி வந்துவிட்டது. சுருக்குப்பையின் வாயில் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக் கிடக்கின்றன. அந்த இடுக்கில் நுழைவதென்றால் உடம்பைக் கொடுத்துத்தான் நுழைய வேண்டும். இறக்கை பிய்ந்துவிடும், உணர்கொம்பின் நுனிகளும் முறியும். திரும்பி வெளியே போகிற பேச்சே இல்லை. உள்ளே போன பெண் நெஞ்சுக்குக் கீழ் இருக்கும் இரண்டு சின்னப் பைகளிலிருந்து மகரந்தத்தை எடுத்துப் பூக்களின் மேல் தேய்க்கிறாள். தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த தூள் அல்ல, பிறந்த காயில் கால்களால் வாரிப் பையில் அடைத்து எடுத்து வந்தது. அப்புறம் பூவின் சூல்தண்டு (சூலகத்துக்கு மேலே நீளும் குழல்) வழியாக ஊசி போன்ற உறுப்பை விட்டுச் சூலகத்தில் ஒரு முட்டை, அடுத்த பூவில் இன்னொரு முட்டை என்று வைத்துக்கொண்டே போய், அங்கேயே செத்துப்போகிறாள்.

முட்டை விழுந்த பூ இனி விதையாகாது. அது வீங்கிக் குளவிக் குஞ்சுக்குத் தொட்டிலும் தீனியுமாகிவிடும். ஒரு குஞ்சு பிழைத்தால் ஒரு விதை போச்சு. மரத்துக்கு விதையும் வேண்டும், மகரந்தம் சுமக்கக் குளவியும் வேண்டும். குளவிக்கோ முட்டை வைக்க இடம் கிடைத்தால் போதும். அப்படியிருக்க, அத்தனை பூவையும் அவள் ஏன் காலி செய்துவிடுவதில்லை?

ஒரு காரணம் பூக்களின் அமைப்பு. சில பூக்கள் காயின் நடுக்குழிக்கு அருகில், சில வெளித்தோலை ஒட்டி. நடுவை ஒட்டிய பூக்களின் சூல்தண்டு குட்டை, ஊசி சுலபமாக எட்டும். தோலை ஒட்டியவற்றுக்கு எட்டுவது கடினம். எட்டினாலும் அங்கே வைத்த குஞ்சு பிழைப்பது சந்தேகம், ஏனென்றால் வெளியே திருடர்கள் நிற்கிறார்கள். காய்க்குள் நுழையாமல், நீண்ட ஊசியால் தோலைத் துளைத்துக் குஞ்சைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. ஆஸ்திரேலியாவின் ஓர் அத்தி இனத்தில் 2008இல் இதைக் காட்டினார்கள்: நடுப்பகுதிக் குஞ்சுகள் தப்பின, ஓரத்துக் குஞ்சுகள் மாட்டின. ஆக, திருடன் இருப்பதால் ஓரத்துப் பூக்கள் விதைக்கு மிஞ்சுகின்றன.

இன்னொரு காரணம் கொஞ்சம் கறாரானது. தென்னை குரும்பையை உதிர்ப்பதைப் பார்த்திருப்போம். அத்தி இனங்கள் பலவும், மகரந்தம் கிடைக்காத காயை உதிர்த்துவிடும், உள்ளே குளவி முட்டை இருந்தாலும் சரி. கலிஃபோர்னியா விவசாயிகள் இதன் முதல் பாதியை நஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். 1880களில் துருக்கியின் புகழ்பெற்ற ஸ்மிர்னா அத்திக் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் ஜோராக வளர்ந்தது, பிஞ்செல்லாம் விழுந்தது. குளவியையும், அது குடியிருக்கும் காட்டு அத்தியையும் சேர்த்துக் கொண்டுவந்து 1899இல் ஃப்ரெஸ்னோவில் நிலைக்க வைத்த பிறகுதான் பழம் நின்றது.

மீதிப் பாதி பனாமாவில் தெரிந்தது. மகரந்தம் எடுக்க வாய்ப்பில்லாதபடி செய்த பெண் குளவிகளைக் காய்க்குள் விட்டுப் பார்த்தார்கள் ஜாண்டேர், ஹெர்ரே என்ற இரு ஆய்வாளர்கள். அதாவது வேலை செய்யாமல் முட்டை மட்டும் இடும் ஏமாற்றுக்காரிகளைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். குளவி தானே மகரந்தம் வாரிச் சுமக்க வேண்டிய அத்தி இனங்கள் அப்படிப்பட்ட காய்களை அதிகமாக உதிர்த்தன, உதிராதவற்றிலும் குஞ்சுகள் குறைந்தன. ஆண்பூக்கள் மிகுதியாக இருந்து, மகரந்தம் தானாகவே குளவிமேல் ஒட்டிக்கொள்ளும் இனங்களோ கண்டுகொள்ளவில்லை. அங்கே ஏமாற்ற வழியே இல்லாதபோது தண்டனை எதற்கு? தண்டனை இளகிய இனங்களில் மகரந்தமில்லாமல் வரும் குளவிகள் அதிகம் தென்பட்டதையும் 2010இல் வந்த அந்த ஆய்வு காட்டியது.

நம் நாட்டு அத்தியின் திருடர்களைப் பற்றி அதிகம் ஆராய்ந்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். தோலுக்கு வெளியே நின்று துளைக்கும் குளவிகள் இந்த மரத்தில் மட்டும் ஆறேழு வகை. அவற்றில் ஒன்றின் ஊசி நுனியில் ரம்பப் பற்களும், அவற்றில் துத்தநாகமும் இருப்பதை அங்கே கண்டார்கள். முடியைவிட மெல்லிய ஊசி, கெட்டியான பச்சைக்காயைத் துளைக்க வேண்டுமே! உள்ளே நுழைந்து வேலை பார்க்கும் நம் குளவிக்கு அந்தத் தேவை இல்லை, அதன் ஊசி நுனி கரண்டி மாதிரிதான்.

திருடர்கள் தோல்மேல் நின்று துளைக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் முசிறு எறும்பு கவ்விவிடும். மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுமே, கடித்தால் உயிர் போகுமே, அதே முசிறுதான். வேட்டையாடும் இந்த வகை எறும்புகள் அத்திக்காயின் மணத்துக்கும் குளவியின் மணத்துக்கும் திரும்பிப் பார்க்கின்றன. சாறுறிஞ்சும் பூச்சிகளை மேய்த்து, அவை விடும் தேன்துளியைக் குடிக்கும் எறும்புகள் அப்படிச் செய்வதில்லை. குளவியைக் கூப்பிட விட்ட மணத்தைக் காவல்காரனும் மோந்துவிடுகிறான். நல்ல குளவியும் சிலசமயம் அவன் வாயில் போவது உண்டு.

சில வாரங்கள் கழித்து, உள்ளே முதலில் பொரிவது ஆண்கள். இறக்கை கிடையாது, கண்ணும் சரியாகத் தெரியாது. பெண்கள் இன்னும் தொட்டிலுக்குள் இருக்கும்போதே துளையிட்டு இணைசேர்ந்துவிட்டு, எல்லாரும் கூடிக் காய்ச்சுவரில் சுரங்கம் தோண்டுகிறார்கள். அரசமரத்துக் காயை வைத்து 1973இல் ஓர் ஆய்வு வந்தது. மூடிய காய்க்குள் கரியமில வாயு ஏறிக்கிடக்கிறது. அந்தப் புழுக்கத்தில் ஆண்கள் சுறுசுறுப்பு, பெண்கள் மந்தம். சுவர் உடைந்து காற்று நுழைந்ததும் பெண்கள் துள்ளி எழுகிறார்கள், ஆண்கள் அடங்குகிறார்கள். அதே சமயம் முதிர்ந்திருக்கும் ஆண்பூக்களிலிருந்து மகரந்தத்தை வாரிக்கொண்டு, ஆண்கள் வெட்டிய வழியாகப் பெண்கள் பறந்துவிடுகிறார்கள். ஆண்களின் கதை அங்கேயே முடிகிறது.

கரியமில வாயு மிகுந்திருக்கும்போது எத்திலீன் என்ற வாயுவின் பழுக்கவைக்கும் வேலை அடங்கிக்கிடக்கும். ஆப்பிள் கிடங்குகளிலும் இந்த உத்திதான். காயில் ஓட்டை விழுந்தபின் தடை விலகுகிறது. குளவி போனபிறகே காய் இளகிச் சிவந்து இனிக்கிறது. முன்னாடியே பழுத்திருந்தால் வௌவால் குளவியையும் சேர்த்துத் தின்றிருக்கும். இப்போது வரலாம்: வௌவால், குரங்கு, மரநாய், அணில். ஆனைமலையில் பெரிய இருவாச்சிக்கு அத்தி இனப் பழங்கள்தான் முக்கியத் தீனி. வேறு மரங்கள் காய்க்காத மாதத்திலும் ஏதோ ஓர் அத்தி பழுத்திருக்கும். குளவிக்காக நாள் மாற்றிக் காய்க்கும் மரம், இருவாச்சிக்கும் சோறு போட்டுவிடுகிறது.

பறக்கும் பெண்களுக்குள் ஓசிப் பயணிகளும் உண்டு: கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள். நாலைந்து ஏறினால் குளவிக்குப் பாதகமில்லை, கூட்டம் கூடினால் பயணம் கெடும். பெங்களூரு ஆய்வில் அவை வாலில் நின்று எழும்பி, ஏற்கெனவே நெரிசலாக உள்ள குளவியைத் தவிர்ப்பது தெரிந்தது. நம் டவுன் பஸ்ஸில் இந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டுக்கு வெயில் ஒரு தொந்தரவு. சிங்கப்பூரில் நான்கு வகை அத்திக் குளவிகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். இப்போதைய அளவிலிருந்து 3 டிகிரியோ அதற்கு மேலோ கூடினால் ஆயுள் வெகுவாகக் குறைந்தது. ஒரு நாள் ஆயுள் அரை நாளானால் எட்டும் தூரமும் குறையும். அப்போது மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும் ஊரில் அடுத்த மரம் அடுத்த மரமாக இராது.

“அப்போ அத்திப்பழம் அசைவமா?” என்று யாராவது கேட்பார்கள். கடையில் விற்கும் சீமை அத்தி வேறு இனம். அதில் பல வகைகள் குளவியே இல்லாமல் பழுக்கும். ஸ்மிர்னா வகைக்குக் குளவி வேண்டும். ஆனால் அது பெண்மரம், பூக்களின் சூல்தண்டு எல்லாம் நீளம், ஏமாந்து நுழைந்தவளால் முட்டையிட முடியாது. அங்கே ஏமாற்றுவது மரம்! நாட்டு அத்தியில் மட்டும் எங்கள் ஆத்தா சொன்னபடி, பிட்டு உதறிவிட்டுத்தான் தின்ன வேண்டும்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால், பழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முந்திய நிலையில் உள்ள, ஓட்டை விழாத காய் நாலைப் பறித்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி நிழலில் வையுங்கள். பருவம் சரியாக அமைந்தால், ஓரிரு நாளில் கண்ணாடியின் உட்புறம் கரும்புள்ளிகள் ஊர ஆரம்பிக்கும். துணியை அவிழ்த்துவிடுங்கள், அவற்றுக்கு நேரம் ரொம்பக் குறைவு.